மஞ்சள் வண்ணம் பூசிய திருகு

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது என் பைக்கில் ஒரு குறையும் தெரியாது. என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,800 வரை எழும்பி நிற்கும். என்ஜின் சூடாகச் சூடாகத் தானாகவே இறங்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு சிக்னலில் நிற்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும். 1,400-இல் நிற்க வேண்டிய முள் 1,100, 1,000 என்று சரியும், கைப்பிடி நடுங்கும், என்ஜின் சட்டென்று அடங்கிவிடும். செல்ஃப் பொத்தானை அழுத்தினால் உடனே கிளம்பும். அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை.

150 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அப்போது 32,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டர் வண்டிகளோடுதான் என் வாழ்க்கை. அவற்றில் ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம், குறைந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. என்ஜினைச் சூடாக்கிவிட்டு, கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் திருகைக் கால் சுற்று உள்ளே திருப்ப வேண்டும். காது போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த வேலையை எத்தனையோ வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன். அதனால் இந்த பைக்கிலும் கை முதலில் ஒரு திருகைத்தான் தேடியது.

திருகு இருந்தது. பெட்ரோல் டேங்குக்குக் கீழே, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில், கேபிள் இழுக்கும் நெம்புகோல் திரும்பி வந்து முட்டும் இடத்தில் சிறியதாக ஒன்று. அதன் பூட்டு நட்டின் மேல் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு. தொழிற்சாலையில் அளந்து வைத்துவிட்டோம், இனி இதில் கை வைக்காதீர்கள் என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நட்டைத் தளர்த்தி, திருகை அரைச் சுற்று உள்ளே செலுத்தினேன். முள் 1,600-இல் போய் நின்றது. அன்று முழுவதும் எந்தச் சிக்னலிலும் என்ஜின் அடங்கவில்லை. வேலை முடிந்தது என்றே நம்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு சரிவான சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியர், எதிரே இடப்பக்க வளைவு. வழக்கம்போல ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டேன். என்ஜின் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும் என்று உடல் எதிர்பார்த்தது. அந்த இழுவை வரவில்லை. யாரோ மெல்ல ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடித்திருப்பதுபோல வண்டி போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கைப் பிடித்துச் சமாளித்தேன். ஆனால் நான் போக நினைத்த கோட்டிலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளித்தான் அந்த வளைவைக் கடந்தேன். எதிரில் வண்டி எதுவும் வராதது என் நல்ல நேரம். கீழே இறங்கி நிறுத்திப் பார்த்தால் முள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. 1,300-க்கு இறங்கும், 2,000-க்கு ஏறும், மறுபடி இறங்கும். ஒரு திருகை அரைச் சுற்று திருப்பியதற்கு இத்தனை விளைவா என்ற கேள்வியோடு அன்றிரவு அந்த வண்டிக்குரிய சர்வீஸ் மேனுவலைத் திறந்தேன். திருகைத் தொடுவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டிய புத்தகம்.

கார்புரேட்டரில் ஐட்லிங் என்பது நாம் வைக்கும் அளவு. திருகு எவ்வளவு திறந்து வைக்கிறதோ அவ்வளவு காற்று. அந்தக் காற்று இழுக்கும் அளவுக்குப் பெட்ரோல். ஃபியூயல் இன்ஜெக்ஷனில் அப்படி இல்லை. ஐட்லிங்கில் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் நினைவில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. என் வண்டிக்கு அது 1,400, நூறு கூடலாம் குறையலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் பாடியின் காற்றுக்குழாயில் இருக்கும் வட்டத் தகடான பட்டர்ஃபிளை வால்வு ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொள்கிறது. என்ஜின் உயிரோடு இருக்கத் தேவையான காற்று அதைச் சுற்றிச் செல்லும் ஒரு சிறிய பக்கவழியாக உள்ளே போகிறது. அந்தப் பக்கவழியின் வாயில் ஒரு சின்ன மோட்டார் ஓர் ஊசியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கிறது. இதைத்தான் ஐடில் காற்று வால்வு என்கிறார்கள். வேகம் குறைந்தால் இசியூ ஊசியைப் பின்னுக்கு இழுத்துக் காற்றைக் கூட்டும். கூடினால் முன்னுக்குத் தள்ளிக் குறைக்கும். நொடிப்பொழுதில் நடக்க வேண்டிய நுண்ணிய திருத்தங்களுக்கு ஸ்பார்க் விழும் நேரத்தையும் சற்றே முன்பின் நகர்த்தும்.

இத்தனையும் நடக்க இசியூவுக்கு ஒரு செய்தி உறுதியாகத் தெரிய வேண்டும்: ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டாரா இல்லையா? அதைச் சொல்வது த்ராட்டில் நிலை சென்சார். பட்டர்ஃபிளையின் அச்சில் உட்கார்ந்துகொண்டு, அது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை வோல்டேஜாகச் சொல்கிறது. என் வண்டியில் முழுவதும் மூடியிருந்தால் 0.6 வோல்ட் அளவு. அதைத்தான் இசியூ பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. நான் திருப்பிய திருகு பட்டர்ஃபிளை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு. அதை உள்ளே செலுத்தியதும் பட்டர்ஃபிளை முழுவதும் மூடாமல் ஒரு மயிரிழை திறந்தே நின்றது. சென்சார் சொன்ன அளவும் 0.7 வோல்டுக்கு அருகே நகர்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டர் லேசாகத் திருகப்பட்டிருக்கிறது என்று இசியூ புரிந்துகொண்டது.

சரிவில் இழுவை வராததன் காரணம் இதுதான். ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால் இசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும். என்ஜின் வெறும் காற்றை இழுத்துத் தள்ளி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பட்டர்ஃபிளை மூடவில்லை என்று நம்பும் இசியூ பெட்ரோலை எப்படி நிறுத்தும்? ஏறி இறங்கிய முள்ளுக்கும் இதே விளக்கம்தான். என் அரைச் சுற்று சென்சாரின் அளவைச் சரியாக எல்லைக்கோட்டின் மேலேயே கொண்டுபோய் வைத்திருந்தது. ஒரு கணம் மூடியதாகத் தெரியும்: வேகம் அதிகம் என்று கண்டு இசியூ பெட்ரோலை வெட்டும். மறுகணம் திறந்ததாகத் தெரியும்: திரும்பக் கொடுக்கும்.

இத்தனை நாளும் எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கு எரியாவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வயர் அறுந்தாலோ, சாத்தியமே இல்லாத ஓர் அளவு வந்தாலோதான் இசியூ புகார் செய்யும். 0.7 வோல்ட் சாத்தியமான அளவு. பொய்யான செய்தி, ஆனால் முறையான செய்தி. இசியூ அதை நம்பத்தான் செய்யும்.

முதல் வேலை, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது. இதில் அந்த மஞ்சள் கோடுதான் கைகொடுத்தது. நட்டின் மேல் பாதியும் திருகின் தலையில் பாதியுமாக உடைந்திருந்த கோட்டை மறுபடி நேர்க்கோட்டில் சேர்த்தேன். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சாரின் சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மேனுவல் சொல்லும் எல்லைக்குள் வந்திருந்தது. உங்கள் வண்டியில் இந்தத் திருகை வேறு யாராவது ஏற்கெனவே திருப்பியிருந்து, வண்ணமும் போயிருந்தால், இந்த வோல்டேஜ் ஒன்றுதான் வழிகாட்டி. காதை நம்பி வைக்கவே கூடாது.

திருகு திரும்பியது, பழைய நோயும் திரும்பியது. இம்முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஐட்லிங்கை எப்படிக் கூட்டுவது என்று கேட்காமல், 1,400-இல் வைக்க முயலும் இசியூவால் ஏன் முடியவில்லை என்று கேட்டேன். விடையின் பாதி நோயின் போக்கிலேயே இருந்தது. குளிர்ந்த என்ஜினுக்கு நிறையக் காற்று வேண்டும் என்பதால் அப்போது ஊசி நன்றாகப் பின்வாங்கி, பக்கவழி அகலத் திறந்திருக்கும். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தெரியாது. சூடானதும் வழி மிகவும் குறுகிவிடும். அந்தக் குறுகிய இடுக்கில் கரி படிந்திருந்தால் அதுவே அடைப்பு. குளிரில் நன்றாக ஓடிச் சூட்டில் நிற்கிறது என்றால் காற்றுவழியின் அழுக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அன்று நான் கற்றது. அதற்குப் பின் இரண்டு வண்டிகளில் அதே அறிகுறியைப் பார்த்தேன். இரண்டிலும் காரணம் அதுவே.

ஆனாலும் எளிய சோதனைகளை முதலில் முடித்தேன். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், நன்று. பேட்டரி சோர்ந்திருந்தால் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் சோர்ந்துபோகும். அந்தக் குறை முதலில் வெளிப்படும் இடம் ஐட்லிங்தான். ஏர் ஃபில்டர் மாற்றும் காலம் தாண்டவில்லை. ஸ்பார்க் பிளக் வெளிர் பழுப்பாக இருந்தது. கைப்பிடியில் ஆக்சிலரேட்டரின் தளர்வு மூன்று மில்லிமீட்டர்; மேனுவல் கேட்டது இரண்டிலிருந்து ஆறு. என்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்தேன். முள் அசையவில்லை. அசைந்திருந்தால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள்.

பின்பு, த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு. அதில் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துச் சோதிப்பவர்கள் உண்டு. சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். தெளிப்பான் பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து இணைப்பைச் சுற்றிப் பனிபோல மெல்லத் தெளித்தாலே போதும். ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும், என்ஜினின் குரல் மாறும். என் வண்டியில் மாறவில்லை. ஐட்லிங்கில் ஓடவிட்டுச் செய்யும் சோதனைகள் எல்லாவற்றையும் திறந்த வெளியில் செய்யுங்கள். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். காற்றால் குளிரும் என்ஜினை நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடுவதும் தவறு. பத்து நிமிடத்துக்கு மேல் வேலை இருந்தால் முன்னால் ஒரு மின்விசிறியை வைத்துக்கொள்வேன்.

கடைசியில் த்ராட்டில் பாடியைத் திறந்தேன். திறந்தேன் என்றால் கழற்றவில்லை. பெட்ரோல் குழாயில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும், முறைப்படி அதை இறக்காமல் குழாயைப் பிடுங்கக்கூடாது. ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர் குழாயை மட்டும் விலக்கினால் பட்டர்ஃபிளை கண்ணில் படும். சாவியை ஆஃப் செய்துவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கையால் திருகி அதைத் திறந்தபோது, அதன் விளிம்பு வந்து ஒட்டும் இடத்தில் வட்டமாக ஒரு கரிய வளையம். விரலில் எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. என்ஜின் மூச்சுக்குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவியும் தூசியும் வருடக்கணக்கில் சேர்ந்து உண்டாக்கியது. த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரை மென்மையான துணியில் நனைத்துத் துடைத்தேன். நேரடியாக உள்ளே பீய்ச்சவில்லை; சென்சாருக்குள்ளும் அச்சின் சீலுக்குள்ளும் இறங்கிவிட்டால் வேறு தொல்லை. பிரஷ்ஷோ உப்புத்தாளோ வேண்டவே வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளில் பட்டர்ஃபிளை கசியாமல் மூடுவதற்காக உட்புறம் ஒரு பூச்சு இருக்கும். கரி என்று நினைத்து அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் ஐட்லிங் பிறகு எப்போதும் சரியாகாது.

ஐடில் காற்று வால்வு இரண்டு திருகுகளில் தனியாகக் கழன்று வந்தது. ஊசியின் முனை முழுவதும் கறுப்பு. இங்கே பொறுமை வேண்டும். ஊசியை விரலால் அழுத்தவோ திருகவோ கூடாது; உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் மிகச் சிறியவை. துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுத்தேன். அதற்கு மட்டும் அரை மணி நேரம் பிடித்தது. அது உட்காரும் துளையையும் துடைத்து, ஓ-ரிங் நசுங்கவில்லை என்று பார்த்து மாட்டினேன்.

ஸ்டார்ட் செய்ததும் முள் 2,100-க்குப் போனது. பலர் ஏமாந்துபோய்த் திருகைத் தேடுவது இந்த இடத்தில்தான். எதையோ கெடுத்துவிட்டோம் என்று தோன்றும். உண்மையில் அடைபட்ட வழிக்கு ஏற்றபடி ஊசியை எங்கே வைக்க வேண்டும் என்று இசியூ மாதக்கணக்கில் கற்று வைத்திருந்தது. வழி திறந்துவிட்டது அதற்கு இன்னும் தெரியாது. என் வண்டியின் மேனுவல் சொன்னபடி, விளக்கு முதலியவற்றை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் சூடாகும்வரை விட்டேன். சிறிது சிறிதாக இறங்கியது. மறுநாள் இரண்டு முறை ஓட்டிய பிறகு 1,400-க்கு வந்துவிட்டது. சில தயாரிப்புகளில் இதற்கென்று தனி ரீசெட் முறை உண்டு; அது வண்டிக்கு வண்டி மாறும், எனவே என் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி நிற்பது அடியோடு நின்றது. ஆனால் ஒரு சிறிய உறுத்தல் பாக்கி. நாலைந்து நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு தவறுவதுபோல ஒலி. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 1,400 ஆர்பிஎம்மில் நொடிக்குப் பன்னிரண்டு முறைகூட வெடிப்பதில்லை. அதில் ஒன்று பலவீனமாக விழுந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் நின்று கேட்டார். "கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள் தம்பி, டேப்பெட்டைப் பாருங்கள்" என்றார். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளியைத்தான் சொன்னார். இரவெல்லாம் ஆறவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் பக்கத்தில் இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிகூட இல்லை. இடைவெளி குறைந்தால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது, அழுத்தம் கசியும். வேகமாக ஓடும்போது கசிய நேரம் இருப்பதில்லை. ஐட்லிங்கிலோ உள்ளே வருவதே சிறிதளவு கலவை, அதிலும் கசிந்தால் மிஞ்சுவது என்ன? இதை எந்தச் சென்சாராலும் சரிசெய்ய முடியாது. அப்படியே விட்டிருந்தால் வால்வின் விளிம்பு தீய்ந்துபோயிருக்கும் என்றார் அவர். இடைவெளியைச் சரியாக வைத்ததும் அந்தத் தவறிய துடிப்பு காணாமல் போயிற்று.

இவ்வளவும் படித்துவிட்டு, ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஐட்லிங் திருகையே தொடக்கூடாது என்று முடிவுசெய்தால் அதுவும் பிழை. தொடலாம் என்று தயாரித்தவர்களே கொடுத்திருக்கும் வண்டிகள் உண்டு. சிலவற்றில் பக்கவழியில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் பட்டர்ஃபிளை அசையாது, சென்சாரின் பூஜ்யமும் மாறாது. காற்று மட்டும் கூடும், உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் அதைக் கண்டுகொள்ளும், இசியூ அதற்கேற்பப் பெட்ரோல் கொடுக்கும். பல சிலிண்டர் கொண்ட சில பைக்குகளில், விரலால் பிடித்துத் திருப்பும்படி ஒரு குமிழே வெளியில் தெரியும். அங்கே அது பட்டர்ஃபிளையைத்தான் அசைக்கிறது, ஆனால் அந்த அசைவுக்கு இடம் கொடுத்தே இசியூவின் கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. கேபிளே இல்லாமல் மின்மோட்டாரால் த்ராட்டில் திறக்கும் வண்டிகளில் வேலை இன்னும் எளிது: கையால் திருப்ப எதுவுமே இல்லை. ஆக, உங்கள் வண்டி எந்த வகை என்பது மேனுவலில் ஐட்லிங் பகுதியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சரிபார்க்கவும் என்று மட்டும் எழுதியிருந்தால் பார்ப்பதோடு சரி. சரிசெய்யவும் என்று எழுதி, படத்தில் திருகையும் காட்டியிருந்தால் தாராளமாகத் திருப்பலாம்.

அப்படி ஒன்றைப் போன மாதம் செய்தேன். நண்பரின் நான்கு சிலிண்டர் பைக், குமிழ் உள்ளது, 900-இல் தடுமாறிக்கொண்டிருந்தது. முதலில் ஏர் ஃபில்டரையும் கேபிள் தளர்வையும் பார்த்தோம். பிறகு பதினைந்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில், நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தினோம். குமிழைச் சிறிது திருப்புவது, ஆக்சிலரேட்டரை இரண்டு முறை லேசாகத் திருகி விடுவது, முள் எங்கே வந்து அமர்கிறது என்று பார்ப்பது, மறுபடி சிறிது. ஆக்சிலரேட்டரைத் திருகிவிடாமல் பார்த்தால் அளவு ஏமாற்றும். அவர் வண்டியின் மேனுவல் கேட்டது 1,100. அங்கே வந்து அமைதியாக நின்றது. குமிழ் திரும்பியது மொத்தத்தில் கால் சுற்றுக்கும் குறைவு.

"உன் வண்டியில் இது எங்கே இருக்கிறது?" என்று நண்பர் குனிந்து தேடினார். டேங்குக்கு அடியில் டார்ச்சை அடித்துக் காட்டினேன். பூட்டு நட்டின் மேல், நானே மெல்லிய பிரஷ்ஷால் புதிதாக இட்ட மஞ்சள் கோடு உடையாமல் இருந்தது.